கணக்கை நாமும் பார்ப்போம்

(திருகோணமலையில் நடைபெற்ற தொழிலாளர் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். இந்த மாவட்டத்திலேயே குடியிருக்கும் நம் சொந்தக்காரரும் வந்திருக்கிறார்கள். இங்கே சீனக்குடாவில் பிரிமா மா ஆலை இருக்கிறது. வெளிநாட்டுக் கோதுமை கப்பலில் வந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கி, அங்கே மாவாகி, லொறி ஏறி நாடெங்கும் போகிறது. நம் லயத்து அடுப்பில் ரொட்டியாவதும் அந்த மாதான். மா விலை ஏறினால் அது முதலில் தெரிவது நம் வீட்டில். ஆனால் எவ்வளவு ஏறியது, எந்த மாதம் ஏறியது என்று அரசாங்கமும் எழுதி வைக்கிறது. அந்தக் கணக்கு எங்கே கிடக்கிறது, அதை எப்படி எடுப்பது, எடுத்து என்ன செய்வது? இன்று இதைத்தான் பேசப்போகிறேன்.

கணக்கு என்றதும் "அதெல்லாம் படித்தவர்கள் வேலை" என்று சிலர் பின்வரிசைக்குப் போவார்கள். அப்படிப் போக வேண்டாம். கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்க்காமல் யாராவது கூடையை இறக்குகிறோமா? எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கேட்கிறோம். மாசக் கடைசியில் செக்ரோலில் எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுகிறோம். ஒரு பேர் குறைந்தாலும் கணக்கப்பிள்ளையிடம் போய் நிற்கிறோம். அந்தப் பழக்கம் போதும். அதே கேள்வியை நாட்டின் கணக்கிடமும் கேட்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

சம்பளப் பேச்சுவார்த்தையில் கம்பனித் தரப்பு கோப்போடு வருகிறது. உற்பத்திச் செலவு இவ்வளவு, ஏல விலை இவ்வளவு, விலைவாசி இவ்வளவு குறைந்திருக்கிறது என்று தாளைப் புரட்டுகிறார்கள். நம் பக்கத்தில் வயிறு எரிகிறது. ஆனால் கையில் தாள் இல்லை. அந்தக் கோப்பில் உள்ளதில் பெரும்பகுதி இரகசியம் இல்லை. அரசாங்க இணையத்தளங்களில் யாரும் காசு கொடுக்காமல் பார்க்கக்கூடியவை அவை. உங்கள் பிள்ளையின் போனிலும் அவை திறக்கும்.

முதலில் விலைவாசி. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் என்று ஒன்று இருக்கிறது. அதன் தளத்தின் பெயர் "ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டொட் கவ் டொட் எல்கே". அங்கே இரண்டு விலைச் சுட்டெண்கள் மாதந்தோறும் வருகின்றன. ஒன்று கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். மாதக் கடைசியில் வரும். கொழும்பு நகரத்துக் குடும்பங்கள் வாங்குவதை வைத்துக் கணிப்பது. மற்றது தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண். அடுத்த மாதம் 21ஆம் திகதி அளவில் வரும். எல்லா மாகாணங்களையும் சேர்த்துக் கணிப்பது. வானொலியில் முதலில் சொல்வது கொழும்புச் சுட்டெண்ணைத்தான், அது முந்தி வருவதால். நம் கதை அதில் இல்லை. சம்பள மேசைக்கு நாம் எடுத்துப்போக வேண்டியது தேசியச் சுட்டெண்.

இதை வைத்து ஒரு கணக்கைச் சேர்ந்து போடுவோம். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வர்த்தமானி மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2022 செப்டெம்பரில் தேசியச் சுட்டெண்படி பணவீக்கம் 73.7 வீதம். அதாவது 2021 செப்டெம்பரில் 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமான்களை ஒரு வருஷம் கழித்து வாங்க 1,737 ரூபா வேண்டும். உணவுப் பொருட்களை மட்டும் எடுத்தால் அதே மாதம் 85.8 வீதம்; 1,000 ரூபா உணவு 1,858 ரூபா. வருமானம் குறைந்த வீட்டில் காசில் பெரும் பங்கு சாப்பாட்டுக்கே போகிறது. ஆகவே இரண்டாவது தொகைதான் நம் வீட்டு உண்மைக்குக் கிட்ட நிற்கிறது.

அடுத்து வந்த இரண்டு வருஷங்களில் விலைமட்டம் ஏறக்குறைய அங்கேயே நின்றது. 2024 செப்டெம்பரில் முடிவான அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. 350 ரூபா கூட்டிக் கொடுத்தோம் என்றார்கள். கூட்டியது உண்மை. ஆனால் 2021இல் நின்ற இடத்திலேயே நிற்பதற்கு 1,737 தேவைப்பட்டது. 387 ரூபா பள்ளத்தில்தான் அந்தச் சம்பள உயர்வு நம்மைக் கொண்டுபோய் நிறுத்தியது. அதன் பிறகு வந்த, இனி வரப்போகிற உயர்வு ஒவ்வொன்றையும் இதே கோலால் அளந்து பாருங்கள். உங்கள் வீட்டில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது.

இங்கே ஒரு சொல்லில் கவனம் வேண்டும். "பணவீக்கம் குறைந்துவிட்டது" என்று செய்தியில் வரும்போது, விலை குறைந்துவிட்டது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படியல்ல. மலைப் பாதையில் பஸ் வேகமாக ஏறியது. இப்போது மெதுவாக ஏறுகிறது. மெதுவாகப் போனாலும் பஸ் மேலேதான் போகிறது, இறங்கவில்லை. பணவீக்கம் என்பது ஏறுகிற வேகம். விலை என்பது பஸ் நிற்கிற உயரம். "பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டதே, இன்னும் எதற்குச் சம்பள உயர்வு" என்று யாராவது கேட்டால், ஏறின உயரத்துக்குரிய கூலி இன்னும் வரவில்லை என்று பதில் சொல்லுங்கள்.

இரண்டாவது, வறுமைக் கணக்கு. அதே திணைக்களம் சில வருஷங்களுக்கு ஒருமுறை வீட்டு வருமான செலவின ஆய்வு நடத்துகிறது. நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறையாகப் பிரித்து அட்டவணை போடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு ஆய்வில் வறுமையில் உள்ளவர்கள் நாடு முழுவதும் 14.3 வீதம். நகரத்தில் 6.0, கிராமத்தில் 15.0, தோட்டத்தில் 33.8. தோட்டத்தில் மூன்று பேருக்கு ஒருவர்! இது சங்கத்துக்காரர் மேடையில் சொன்னதல்ல. அரசாங்கமே எண்ணி, அரசாங்கமே அச்சிட்டது. பிள்ளைகளின் வளர்ச்சியைப் பற்றியும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. 2016ஆம் ஆண்டு குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாட்டில் 17.3 வீதம், தோட்டத்தில் 31.7 வீதம்.

ஆனால் எண் கிடைத்தவுடன் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. எந்த எண்ணிடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். யார் எண்ணினார்கள்? யாரை எண்ணினார்கள்? எப்போது, எந்தக் கோலால் எண்ணினார்கள்?

கோலை முதலில் எடுப்போம். 2016 ஆய்வறிக்கையைத் திறந்தால் நாட்டின் வறுமை 4.1 வீதம், தோட்டத்தில் 8.8 வீதம் என்று இருக்கும். 2019இல் 14.3, 33.8. மூன்று வருஷத்தில் வறுமை மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது என்று பேசினால் எதிர்த்தரப்பு ஒரே நிமிஷத்தில் நம்மை மடக்கிவிடும். நடந்தது வேறு. 2016 எண் பழைய வறுமைக் கோட்டின்படி வந்தது. அந்தக் கோடு 2002ஆம் ஆண்டுச் செலவுமுறையை வைத்துப் போட்டது. 2019 எண் 2012/13 செலவுமுறையை வைத்துப் போட்ட புதிய கோட்டின்படி வந்தது. கோல் மாறினால் அளவும் மாறும். இரண்டு எண்ணை ஒப்பிடுவதற்கு முன் ஒரே கோலா என்று பாருங்கள். அட்டவணைக்கு அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்பில் அது எழுதியிருக்கும்.

சராசரியும் அப்படித்தான். 2019 ஆய்வில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் நாட்டில் 76,414 ரூபா. தோட்டத்தில் 46,865 ரூபா. "தோட்டக் குடும்பத்துக்கு நாற்பத்தாறாயிரம் வருகிறதே" என்று சொல்பவர்கள் உண்டு. அது தேயிலை மலையில் கிடைத்த கூலி மட்டுமல்ல. வீட்டில் உள்ள எல்லோரும் உழைத்தது, கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்து பிள்ளைகள் அனுப்பியது எல்லாம் சேர்ந்த தொகை. இன்னொன்று: நாட்டின் சராசரி 76,414 என்றாலும், குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் 53,333 ரூபாதான். மேலே உள்ள சிலரின் பெரிய வருமானம் சராசரியை இழுத்து உயர்த்திவிடுகிறது. ஆகவே சராசரியைக் காட்டினால், நடு எண் எங்கே என்று கேளுங்கள்.

இனி "யாரை எண்ணினார்கள்" என்ற கேள்வி. இது திருகோணமலையில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியது. தோட்டத் துறை என்று திணைக்களம் சொல்வது 20 ஏக்கருக்குக் குறையாத, குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையை விட்டு வடக்கு, கிழக்குக்கு வந்து குடியேறிய மலையகக் குடும்பங்கள் அந்த வரைவிலக்கணத்துக்குள் இல்லை. அவர்கள் கிராமத் துறையில் சேர்கிறார்கள். அவர்களுடைய காணிப் பிரச்சினையும் கூலி வேலையும் 15.0 என்ற கிராமத்து எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. தோட்டத்துக்கென்று வரும் திட்டத்திலும் அவர்கள் பெயர் இருக்காது.

இனப் பிரிவிலும் இதே சிக்கல். 1981 குடிசனத் தொகைமதிப்பில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் 8,18,656 பேர். 31 வருஷம் கழித்து 2012இல் 8,39,504 பேர். ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியும் இருபதினாயிரம் பேர்தான் கூடினார்களா? இந்தியாவுக்குப் போனவர்கள் உண்டு. அதோடு, நம்மில் பலர் கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டார்கள். தன் பெயரை எப்படிச் சொல்வது என்பது அவரவர் உரிமை. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விளைவு தெரிந்திருக்க வேண்டும். பாடசாலை, வீடு, ஆஸ்பத்திரி என்று ஒதுக்கும்போது தலையை எண்ணித்தான் ஒதுக்குகிறார்கள். 2024 கணக்கெடுப்பில் "மலையகத் தமிழர்" என்ற பெயரும் படிவத்தில் இடம்பெற்றது. அது கேட்டுக் கேட்டுப் பெற்ற பெயர்.

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், 230 கிராம சேவகர் பிரிவுகள். 2012இல் மாவட்டத்தின் சனத்தொகை ஏறக்குறைய 3 லட்சத்து 80 ஆயிரம். கிராம சேவகர் பிரிவு வரைக்கும் பிரித்த அட்டவணைகள் திணைக்களத்தின் தளத்தில் இருக்கின்றன. உங்கள் பிரிவைத் தேடி எடுங்கள். அதில் உள்ள எண்ணை உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்த வீடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால், பிரதேச செயலாளரிடம் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

மூன்றாவது, கம்பனிக் கணக்கு. 1992இல் அரச தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளிடம் முகாமைத்துவத்துக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றில் பல இன்று கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவானவை. பதிவான கம்பனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கையும், வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையையும் வெளியிட்டே ஆக வேண்டும். "சிஎஸ்ஈ டொட் எல்கே" தளத்தில் கம்பனியின் பெயரைப் போட்டால் வரும். நூறு பக்கத்தையும் வாசிக்கத் தேவையில்லை. ஐந்து வரியைத் தேடுங்கள்: விற்பனை வருமானம், நிகர இலாபம் அல்லது நட்டம், பங்குதாரருக்குக் கொடுத்த பங்கிலாபம், முகாமைத்துவக் கட்டணமாக எடுத்த தொகை, தொழிலாளரின் பணிக்கொடைக்காக ஒதுக்கிய தொகை. ஐந்து வருஷத்துக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். நட்டம் வந்த வருஷமும் அதில் இருக்கும். அதையும் மறைக்காமல் எழுதிக்கொண்டு போனால்தான் மேசையில் நம் சொல் நிற்கும்.

ஏல விலையைத் தேயிலைச் சபையும் மத்திய வங்கியும் வெளியிடுகின்றன. அங்கேயும் ஒரு சூட்சுமம். உயர்நிலம், மத்திய நிலம், தாழ்நிலம் என்று விலை தனித்தனியாக வரும். நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி இப்போது சிறு தோட்டக்காரரிடமிருந்து வருகிறது. அதில் பெரும் பங்கு தாழ்நிலத் தேயிலை. நாடு முழுவதற்குமான சராசரியை எடுத்துக்கொண்டு நுவரெலியாத் தோட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது. உங்கள் தோட்டம் எந்த உயரமோ அந்த வரியை எடுங்கள்.

நான்காவது, வர்த்தமானி. சம்பளம் இவ்வளவு என்று மேடையில் யார் சொன்னாலும் சட்டமாவது வர்த்தமானியில்தான். அரச அச்சகத் திணைக்களத்தின் "டொகியுமென்ட்ஸ் டொட் கவ் டொட் எல்கே" தளத்தில் மூன்று மொழியிலும் கிடைக்கும். 2024 மே தினத்தில் 1,700 ரூபா என்று அறிவித்தது நினைவிருக்கும். வர்த்தமானியும் வந்தது, கம்பனிகள் வழக்குப் போட்டன, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, கடைசியில் 1,350க்கு வந்து நின்றது. அந்த மாதங்களில் லயங்களில் எத்தனை வதந்தி! வர்த்தமானியைத் தரவிறக்கி, எந்தத் திகதி முதல், எந்தத் தொழிலுக்கு, அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு என்று வாசித்த தோட்டத்தில் வதந்தி எடுபடாது.

தேடும்போது சில சின்ன விஷயங்கள். சில தளங்களில் தமிழ்ப் பக்கம் வெறுமையாக இருக்கும். ஆங்கிலப் பக்கத்துக்கு மாறிப் பாருங்கள், எண் எல்லா மொழியிலும் எண்தான். எடுத்த அட்டவணையின் தலைப்பு, ஆண்டு, பக்க எண், பார்த்த திகதி நான்கையும் கொப்பியில் குறித்து வையுங்கள். கோப்பைப் போனில் சேமித்து வையுங்கள். இன்று இருக்கும் பக்கம் அடுத்த வருஷம் இடம் மாறலாம். வட்ஸ்அப்பில் வந்த எண்ணை, மூலத்தைப் பார்க்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

தளத்தில் இல்லாத கணக்கு? அதைக் கேட்டு வாங்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரதேச செயலகம், தொழில் திணைக்களம், பிரதேச சபை, அரச தோட்டக் கூட்டுத்தாபனங்கள் என்று ஒவ்வொரு பொது நிறுவனத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். அவரிடம் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். எழுதிக்கொள்ள உதவுவது உத்தியோகத்தரின் கடமை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

கேள்வியைக் குறுகலாகக் கேளுங்கள். "எங்கள் தோட்டத்துக்கு என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் பதிலும் மழுப்பலாக வரும். "இன்ன பிரிவில், இன்ன வருஷம், தனி வீடு எத்தனை அனுமதிக்கப்பட்டது, எத்தனை கட்டி முடிந்தது, எத்தனை பேருக்குக் காணி உறுதி கொடுக்கப்பட்டது" என்று கேளுங்கள். எண்ணாலேயே பதில் சொல்ல வேண்டி வரும்.

அந்தச் சட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது: இந்த உரிமை ஒவ்வொரு பிரசைக்கும் உரியது. நமக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். 1948இல் கடதாசி காட்ட முடியாததால் நம் தாத்தா பாட்டிமாரின் பிரசாவுரிமை பறிபோனது. மிச்சமிருந்தவர்களுக்கு அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் அரசாங்கம் நம்மிடம் கடதாசி கேட்டது. இன்று அரசாங்கத்திடம் கடதாசி கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அதை மேசை இழுப்பறையில் பூட்டி வைக்கலாமா?

போகும்போது ஒரு வேலையையும் எடுத்துக்கொண்டு போங்கள். அரசாங்கத்தின் எந்தச் சுட்டெண்ணிலும் நம் தோட்டத்துக் கடை விலை தனியாக இல்லை. அதை நாமே எழுதலாம். தோட்டத்துக்கு ஒரு கொப்பி. மாதா மாதம் 10ஆம் திகதி, சம்பளம் வாங்கிய அன்று, ஒரே கடையில், மா, அரிசி, பருப்பு, தேங்காய், மண்ணெண்ணெய் ஐந்தின் விலையையும் எழுதுங்கள். ஒரு கமிட்டி அங்கத்தவரும் ஒரு படிக்கிற பிள்ளையும் அதற்குப் பொறுப்பு. பக்கத்தில் அந்த மாதத்துத் தேசியச் சுட்டெண்ணையும் எழுதுங்கள். ஒரு வருஷம் விடாமல் எழுதிய பன்னிரண்டு பக்கம், அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் நம் தலைவர்களின் கையில் இருக்கட்டும். பத்துத் தோட்டத்துக் கொப்பி ஒன்றாகச் சேர்ந்தால், அதைத் தள்ளிவிட்டுப் பேச யாராலும் முடியாது.

எண் சம்பளத்தைக் கூட்டித் தராது. கூட்டித் தருவது நம் ஒற்றுமை. ஆனால் ஒற்றுமையாகப் போய் நின்று என்ன கேட்பது, எவ்வளவு கேட்பது, அது ஏன் நியாயம் என்று சொல்ல எண் வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். போன் வைத்திருப்பவர்கள் வெளியே எடுங்கள், முதல் அட்டவணையை இப்போதே சேர்ந்து தேடுவோம்.